பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் மழை

ஐப்பசியும் பொய்த்து, கார்த்திகையும் பொய்த்து, ஊரணியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்த வருடம், தை மாதம் ஏழாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, தாழையூரணி அரசு மேல்நிலைப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்குள் மழை பெய்யத் தொடங்கியது. வெளியே வெயில், வராந்தாவில் வெயில், பக்கத்து ‘அ’ பிரிவிலும் வெயில். ‘ஆ’ பிரிவில் மட்டும், இயற்பியல் வாத்தியார் அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களை மதிப்பெண்ணைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, கான்கிரீட் கூரைக்கும் பிள்ளைகளின் தலைக்கும் நடுவே எங்கிருந்தோ இறங்கி, முப்பத்தேழு பேர் மீதும் ஒரே சீராகப் பெய்தது. வாத்தியார் மொட்டை மாடிக்கு ஏறிப்போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். தொட்டி புரட்டாசியிலேயே காய்ந்துபோய் உள்ளே ஒரு காக்கை கூடு கட்டியிருந்தது. அவர் இறங்கி வந்து மிச்சத் தாள்களையும் கொடுத்து முடித்தார், ஏனென்றால் இன்னும் இரண்டு பாடம் நடத்த வேண்டியிருந்தது.

மறுநாள் பள்ளிக் காவலாளியின் மனைவி ஒரு வாளியை வைத்துப் பிடித்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, “ஆத்தாடி, இளநியாட்டம் இருக்குடீ” என்றாள். கிணற்றைத் தோண்டினால் கடல் உப்பு வரும் ஊரில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளி வாசலிலிருந்து தபால் ஆபீஸ் வரை பிளாஸ்டிக் குடங்களின் வரிசை நின்றது. ஐந்தாம் நாள் ஊராட்சித் தலைவி ராக்கு, கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து, வகுப்பறைச் சுவரின் அடியில் ஓட்டை போட்டு, ஒரு குழாயைச் செருகி வெளியே விட்டாள். பதினைந்து நாளில் ஊருக்குள் டீயின் ருசி திரும்பியது, பெண்களின் தலைமுடி மெத்தென்று ஆனது, இரண்டு கல்யாணங்களுக்குத் தேதி குறித்தார்கள். ‘ஆ’ பிரிவின் வாசல் நிலைக்கு யாரோ மஞ்சள் துணி கட்ட, அதற்குப் பிறகு உள்ளே வரும் வாத்தியார்களும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள்.

மழை எதனால் வருகிறது என்று ஊர் ஆராயவில்லை. எப்போது கூடும், எப்போது குறையும் என்பதை மட்டும் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டது. தமிழ்ப் பாடம் என்றால் தூறல், வேதியியல் என்றால் நல்ல மழை, இயற்பியல் என்றால் அடைமழை. “இன்னைக்குக் கணக்குப் பரீட்சையாம், பெரிய அண்டாவை எடுத்துட்டு வா” என்று வீட்டுக்கு வீடு சொல்லி அனுப்பினார்கள். தெருவில் போகிறவர்கள் ‘ஆ’ பிரிவுப் பிள்ளை ஒன்றைப் பார்த்துவிட்டால், வாத்சல்யத்தோடு தோளில் துண்டைப் போட்டு, “நல்லாப் படிச்சிருக்கியாப்பா? இந்த வருசம் கேள்வித்தாள் ரொம்பக் கஷ்டமாமே?” என்று கேட்டு, அந்தக் குழந்தையின் முகம் வெளுப்பதைப் பார்த்துத் திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. தாகம் இருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் பாலித்தீன் பைக்குள் புத்தகத்தை வைத்துப் படித்தார்கள். விரல் நுனிகள் சுருங்கின, கால் விரல் இடுக்குகளில் சேற்றுப்புண் வந்தது, முப்பத்தேழு பேரும் ஒரே மாதிரி இருமினார்கள். நனைந்து ஊறிய மதிப்பெண் பதிவேடு ஒன்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அங்கே இருந்தவர்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, யோசித்து, இது கட்டடப் பிரிவுக்கு உரியதல்ல என்று முடிவு செய்து, மனநல ஆலோசகர் சகாயராணியை ஒரு மாதத்துக்கு அங்கே போய்வரச் சொன்னார்கள்.

சகாயராணிக்கு இருபத்தெட்டு வயது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். ஒப்பந்த வேலை. பதினொரு பள்ளிகளுக்குப் பேருந்து மாறி மாறிப் போய், “மன அழுத்தம் தவிர்ப்போம்” என்று ஒரு பேனரைக் கட்டி, நாற்பது நிமிடம் பேசி, பேனரைச் சுருட்டிக்கொண்டு திரும்புவது அவளுடைய பிழைப்பு. பேசுவதை வீட்டுக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்காமல் அவள் ஒருநாளும் புறப்பட்டதில்லை. அது யாருக்கும் தெரியாது.

முதல் நாள் தலைமையாசிரியர் வேதாச்சலம் அவள் கையில் ஒரு குடையைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். அவள் நின்ற மேடையில் மட்டும் மழை இல்லை. வாத்தியார் நிற்கும் அந்த மூன்றடி இடத்தில் அதுவரை ஒரு சொட்டும் விழுந்ததில்லை. அவள் குடையை மடக்கி வைத்துவிட்டு, பாடம் பண்ணியிருந்ததைத் தொடங்கினாள்.

“அன்பு மாணவர்களே, தேர்வைக் கண்டு பயப்படக் கூடாது. பயம் நம் எதிரி. பயப்படுகிறவர்களால் சாதிக்க முடியாது.”

மழை சோவென்று கொட்டியது. பயப்படுவதே தப்பு என்று தெரிந்துகொண்ட முப்பத்தேழு பிள்ளைகளும் புதிதாக அதற்கும் சேர்த்துப் பயந்தார்கள். குழாய் கடகடவென்று உறுமியது. வெளியே வரிசையில் குலவைச் சத்தம் எழுந்தது. “புது டீச்சரு வந்த நேரம் நல்ல நேரம்!” என்று யாரோ கத்தினார்கள். அன்று சாயங்காலம் அவள் வாடகைக்கு இருந்த அறை வாசலில், அவள் கேட்காமலே, ஒரு குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. நல்ல தாகம். குடித்தாள். இளநீர் போலத்தான் இருந்தது. குடித்து முடித்த பிறகுதான், அது எந்தப் பிள்ளைகள் மேல் பெய்தது என்று நினைத்தாள்.

மறுநாள் அவள் பேனரைக் கட்டவில்லை. “பயம் உங்களுக்கு உடம்புல எந்த இடத்துல இருக்கு?” என்று மட்டும் கேட்டாள். கடைசி பெஞ்சிலிருந்து செய்யது இபுராகிம் எழுந்தான். சவூதியில் தம்மாமில் வேலை செய்யும் வாப்பாவின் குரல் செய்தி வெள்ளிக்கிழமைதோறும் வரும் பையன்.

“எனக்குக் கையில மிஸ். பேனாவைப் பிடிச்சா ஆடுது.”

“எனக்கு வயித்துல.”

“எனக்குத் தொண்டையில, மீன் முள்ளு சிக்கின மாதிரி.”

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். முன் பெஞ்சில் இருந்த, இருளாயி என்று எல்லாரும் கூப்பிடும் முத்திருளாயி மட்டும் சொல்லவில்லை. அவள்தான் வகுப்பில் முதல் மாணவி. மழையும் அவள் மேல்தான் கனமாகப் பெய்தது. சுமை ஆட்டோ ஓட்டும் அவளுடைய அப்பா வண்டியின் பின்னால் ‘டாக்டர் இருளாயி’ என்று இப்போதே எழுதி வைத்திருந்தார்.

“உங்களுக்கு மிஸ்?” என்றான் செய்யது.

கண்ணாடி முன்னால் அவள் ஒத்திகை பார்க்காத கேள்வி அது. சகாயராணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். “நாலு வருசத்துக்கு முந்தி பஸ்ல நின்னுட்டு வர்றப்ப, திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, மூச்சு முட்டி, செத்துப் போயிருவேன்னு நினைச்சேன். ஊர் பேர் தெரியாத ஒரு ஸ்டாப்புல இறங்கி, மைல்கல்லுல மூணு மணி நேரம் உக்காந்திருந்தேன். அன்னைக்கு எனக்கு இன்டர்வியூ. போகல. இப்பவும் உங்க முன்னாடி நிக்கிறப்ப உள்ளங்கை வேர்க்குது.”

அவள் சொல்லி முடித்ததும், அந்த மேடையில் முதல் தடவையாக, ஒரு துளி இறங்கி அவளுடைய மூக்கின் மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு சடசடவென்று அவள் தலையில் பெய்தது.

“மிஸ், உங்களுக்கும் பெய்யுது!”

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சகாயராணி வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். இருளாயிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில், பதினேழு நாளாக நிற்காத மழை, யாரோ குழாயைத் திருகியது போல நின்றது. பெஞ்சுகளிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. வெளியே ஒரு பெண் குரல், “என்னடி இது? எங் கொடத்துக்கு வர்றப்ப நின்னுபோச்சு!” என்றது.

அதற்குப் பிறகு சகாயராணி தினமும் கடைசிப் பீரியடை எடுத்தாள். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னாள். ராத்திரி பதினொன்றுக்கு மேல் படிக்கிறவன் மறுநாள் அவளிடம் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். “தோத்துட்டா என்ன ஆகும்?” என்று ஒருவரைக் கேட்பாள். “வீட்டுல திட்டுவாங்க.” “அதுக்கப்புறம்?” “அழுவேன்.” “அதுக்கப்புறம்?” “தெரியல மிஸ். பசிக்கும்னு நினைக்கிறேன்.” இப்படி ஒவ்வொரு பயத்தையும் கையைப் பிடித்துக் கடைசி வரை நடத்திக் கூட்டிப்போனால், அந்தக் கடைசியில் பேய் பிசாசு ஒன்றும் இல்லை, பெரும்பாலும் பசிதான் இருந்தது. மழை தூறலானது. தூறல் ஈரமானது. பிள்ளைகளின் இருமல் நின்றது. இருளாயியின் தலைக்கு மேல் மட்டும் ஒரு சாண் அகலத்துக்குப் பெய்துகொண்டே இருந்தது.

குடங்களின் வரிசை நீண்டது, நகர மறுத்தது. வரிசையில் சண்டை வந்தது. ஒரு மதியம் வேதாச்சலம் சகாயராணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே ராக்கு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, கறுத்த திடமான உடம்பு. ஊருக்காக எத்தனையோ அலுவலகங்களில் நின்று கால் வலித்தவள். அவள் எழுந்து சகாயராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“டீச்சரம்மா, உங்களைக் குத்தம் சொல்லல. புள்ளைக முகம் தெளிஞ்சிருக்கு, எனக்கே தெரியுது. ஆனா நாலாயிரம் வாய் இருக்கு இந்த ஊர்ல. பரீட்சை முடியிற மட்டும் அதுக பயந்துட்டுப் போகட்டும்மா. அப்புறம் சரி பண்ணுங்க.”

“அதுக்கப்புறம் தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?”

“அடுத்த வருசம் அடுத்த செட்டு வந்துருமே” என்றாள் ராக்கு. சொல்லிவிட்டு, சொன்னது தன் காதில் விழுந்தது போல, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

வேதாச்சலம் ஜன்னலைப் பார்த்தபடி, “கொஞ்சம் மெதுவா நடத்துங்க, அவ்வளவுதான்” என்றார்.

சகாயராணி அறைக்குத் திரும்பினாள். குடம் காலி. கவிழ்த்தால் அரை டம்ளர் வந்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் போதும். இந்தப் பள்ளியில் இன்னும் ஒன்பது நாள்தான். அடுத்த பள்ளிக்குப் போய்ப் பேனரைக் கட்டலாம். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு வெட்கப்படவும் இல்லை, ஏனென்றால் தாகம் யாரையும் விடுவதில்லை. ஆனால் ‘அடுத்த செட்டு’ என்ற சொல் காதை விட்டுப் போகவில்லை. அரை டம்ளர் தண்ணீரை அவள் குடத்திலேயே திரும்ப ஊற்றினாள்.

மறுநாள் கடைசிப் பீரியடில் அவள் உள்ளே நுழைந்தபோது வகுப்பில் வெள்ளமாக இருந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர். முப்பத்தேழு பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். இருளாயி எழுந்து நின்றாள். அவள் வாய் திறந்தது அன்றுதான்.

“நாங்க சிரிச்சா ஊருக்குத் தண்ணி இல்ல மிஸ். எங்கம்மாவுக்கு முழங்கால் தேஞ்சுபோச்சு, நாலு கிலோமீட்டர் நடந்துதான் ஊத்துத் தண்ணி எடுக்கணும். நான் பயப்படலைன்னா அவங்க நடக்கணும். எனக்கு டாக்டராக முடியாதுன்னு பயம். ஆயிட்டா செத்த உடம்பைத் தொடணும்னு பயம். இப்ப, பயம் போயிருமோன்னும் பயமா இருக்கு. நான் எங்க போய் உக்காருறது மிஸ்?”

கூரைக்குக் கீழே முதல் தடவையாக இடி இடித்தது.

சகாயராணி தண்ணீரில் நடந்து போய் வகுப்பறைக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள். குழாயடியில் நின்ற பெண்களை, ஆண்களை, வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்த ராக்குவை, எல்லாரையும் பார்த்து, “உள்ள வாங்க. ஒரே ஒரு பீரியடு. நீங்க குடிக்கிறது என்னன்னு கேட்டுட்டுப் போங்க” என்றாள். அவள் குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

வந்தார்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் போகிற சந்தோஷத்தில்தான் வந்தார்கள். நனைந்துகொண்டு சுவரோரம் நின்றார்கள். சகாயராணி பிள்ளைகளிடம், “உங்களுக்கு என்ன பயமோ அதை இவங்ககிட்டச் சொல்லுங்க. என்கிட்ட வேண்டாம்” என்றாள்.

செய்யது முதலில் சொன்னான். வாப்பாவின் குரல் செய்தியைக் கேட்பதற்கு முன் தான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதாகச் சொன்னான். வாசலில் நின்ற அவனுடைய உம்மா, “அல்லாவே” என்று நெஞ்சில் கை வைத்தார். ஒருத்தி, தூக்கத்தில் கேள்வித்தாள் தன்னைத் துரத்துவதாகச் சொன்னாள். ஒருவன், அண்ணனைப் போல ஓடிப்போய்விடுவோமோ என்று பயமாக இருப்பதாகச் சொன்னான். அந்த அண்ணனைப் பற்றி அந்த வீட்டில் மூன்று வருடமாக யாரும் பேசியதில்லை. ஒவ்வொருவரும் சொல்லி முடித்ததும் அவர் தலைக்கு மேல் மழை நின்றது. கடைசியில் இருளாயி, முன்பு சொன்னதையே, இந்த முறை தன் அம்மா காளிமுத்தாயியின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

காளிமுத்தாயி இடுப்பில் நிறைகுடம் வைத்திருந்தாள். இரண்டு நாள் காத்திருந்து பிடித்த குடம். அவள் அதைக் கீழே இறக்கி, வெறிக்கப் பார்த்து, அப்படியே சாய்த்துக் கொட்டினாள். காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, வலிக்கிற முழங்காலை நீட்டி அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“இன்னும் என்ன இருக்கோ சொல்லு தாயி. பூராவும் சொல்லு. ஊத்து எங்கயும் போயிறாது, நான் நடந்துக்குறேன்.”

ஒரு குடம் கவிழ்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு அந்த வகுப்பறை முழுக்கக் குடங்கள் கவிழ்ந்து, அவற்றின் மேல் ஊர் உட்கார்ந்தது. இருளாயி பேசினாள். பேசப் பேச அந்த ஒரு சாண் மழை மெலிந்து, நூலாகி, அறுந்துபோனது. ஜன்னல் வழியே வெயில் வந்து ஈரத் தரையில் விழுந்தது. ராக்கு எழுந்துபோய், தான் வைத்த குழாயைத் தன் கையாலேயே பிடுங்கி எறிந்தாள்.

“இப்பத் தண்ணிக்கு என்ன பண்றது?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்காமல் இருக்க முடியுமா?

ராக்கு சொன்னாள். கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் ஆறு வருடத்துக்கு முன்பே மெயின் ரோட்டில் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு வரைக்கும் வந்துவிட்டது, அங்கிருந்து ஊருக்கு நாலு கிலோமீட்டர் மட்டும் பாக்கி, அவள் பன்னிரண்டு முறை மனு கொடுத்தாயிற்று.

“நாங்க வர்றோம் அத்தை” என்றாள் இருளாயி. “எங்களுக்கு இப்பப் பேச வருது.”

அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், சீருடை போட்ட முப்பத்தேழு பேர் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் போய் நின்றார்கள். பின்னால் ராக்குவும் சகாயராணியும். இருளாயி ஒலிபெருக்கி முன் வந்தாள்.

“ஐயா, எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. கால் நடுங்குது. நடுங்கிட்டே சொல்லிடுறேன். ஆறு வருசமா எங்க குழாய் ஏன் விலக்குலயே நிக்குது?”

ஆட்சியர் கோப்பைக் கேட்டார். கோப்பு வரவில்லை. அப்போது, இரண்டாவது வரிசையில், நல்ல வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு குடிநீர் வாரியப் பொறியாளரின் தலையில் மட்டும், டொப்பென்று, ஒரு துளி விழுந்தது. அவர் மேலே பார்த்தார். இன்னொன்று விழுந்தது. பிறகு அந்த நாற்காலியின் அகலத்துக்கு மட்டும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். முப்பத்தேழு பிள்ளைகளுக்கும் அந்த மழை யாருடையது என்று உடனே தெரிந்தது. செய்யது முன்னால் போய்த் தன் கைக்குட்டையை அவரிடம் நீட்டினான்.

“நாலு எண்ணி மூச்சை இழுங்க சார். ஆறு எண்ணி விடுங்க. எதுன்னாலும் சொல்லிட்டா நின்னுரும்.”

அவர் மூச்சை இழுத்தார். விட்டார். பிறகு, குழாய் வாங்கியதாகக் கணக்கு இருப்பதையும், குழாய் எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்பதையும், யார் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார்கள் என்பதையும், தேதியோடு சொன்னார். மழை நின்றது. அவர் முகம் பத்து வயது இளையவர் முகம் போல ஆகியிருந்தது.

இருபத்தாறு நாளில் நாலு கிலோமீட்டருக்கும் குழாய் பதித்தார்கள். தோண்டிய மண்ணில் ஊரே நின்றது. அதுவரை காளிமுத்தாயி நடந்தாள், ஆனால் தனியாக நடக்கவில்லை, ‘ஆ’ பிரிவுப் பிள்ளைகள் முறை வைத்து அவளோடும் மற்றவர்களோடும் குடம் சுமந்தார்கள், நடந்துகொண்டே பாடம் சொல்லிப் பார்த்தார்கள். பங்குனி நடுவில், பொதுத்தேர்வுக்கு முந்தின நாள், தபால் ஆபீஸ் முக்கில் இருந்த புதுக் குழாய் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, மண்ணைக் கக்கி, துருவைக் கக்கி, பிறகு வெள்ளையாகப் பீறிட்டது. ராக்கு அதன் அடியில் தலையைக் கொடுத்து நின்று, சின்னப் பிள்ளை மாதிரி கூச்சல் போட்டாள். வேதாச்சலம் நனைந்தார். தபால்காரர் நனைந்தார். மறுநாள் தேர்வு எழுதப்போகிற முப்பத்தேழு பேரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து, தாங்களாக விரும்பி, தலை முதல் கால் வரை நனைந்தார்கள்.

தேர்வு மையத்தில் யாரோ சொல்லக் கேட்டு மேற்பார்வையாளர் ஒருவர் கையில் குடையோடு நின்றிருந்தார். அதை விரிக்க அவருக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

முடிவுகள் வந்த சித்திரை மாதத்து நாளில் சகாயராணி அந்த வழியாகப் பேருந்தில் போனாள், இறங்கிக்கொண்டாள். இருளாயி மாவட்டத்தில் இரண்டாவதாக வந்திருந்தாள். அவள் அப்பா ஆட்டோவுக்குப் பின்னால் இருந்த எழுத்தில் ‘டாக்டர்’ என்பதைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, வெறும் ‘இருளாயி’ என்று விட்டிருந்தார். அவள் என்ன ஆவாள் என்பதை அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

பள்ளி வாசலில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு செய்யது வந்தான். புது மீசை. கையில் மிதிவண்டி. அவளைப் பார்த்ததும் மணியை அடித்தான்.

“மிஸ், வேதியியல்ல போயிருச்சு. பத்து மார்க்ல.”

சகாயராணி அவன் முகத்தைப் பார்த்தாள், கைகளைப் பார்த்தாள். கைகள் மிதிவண்டியை லேசாகப் பிடித்திருந்தன, ஆடவில்லை.

“வாப்பாவுக்கு?”

“நானே போன் போட்டுச் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் திட்டினாங்க. அப்புறம், சாப்பிட்டியான்னு கேட்டாங்க. இல்லைன்னேன்.” அவன் மிதிவண்டியை வீட்டுப் பக்கமாகத் திருப்பினான். “துணைத்தேர்வுல எழுதிருவேன் மிஸ். உம்மா இன்னைக்குக் கணவாய் மீன் ஆக்கியிருக்காங்க. வாங்க, எனக்குப் பசிக்குது.”

அவள் மிதிவண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.